லேக் மார்க்கெட்டுக்கு வராத காட்ஸில்லா

சரித்திரம் லேக் மார்க்கெட்டுக்குச் செய்த துரோகங்களில் ஒன்று, அங்கே ஒரு ராட்சதனை அனுப்பாமல் விட்டது. டோக்கியோவுக்கு ஒன்று வந்தது. நியூயார்க்குக்கு ஒன்று வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸின் சாக்கடைக்குள் பூதாகரமான எறும்புகளே வந்து குடித்தனம் நடத்தின. 1950களில் கொஞ்சம் பெயர் வாங்கிய ஊர் என்றால் திரையில் ஒரு தடவையாவது மிதிபட்டிருக்க வேண்டும். கல்கத்தாவை மட்டும் யாரும் மிதிக்கவில்லை.

இத்தனைக்கும் மிதிக்க வசதியான ஊர். கடலிலிருந்து ஹூக்ளியில் நீந்தி வந்து, ஆதி கங்கைக்குள் திரும்பி, காளிகாட்டில் கரையேறினால் ராஷ்பிஹாரி அவென்யூ. அதிலேயே கிழக்கே நடந்தால் லேக் மார்க்கெட். கறிவேப்பிலை, முருங்கைக்காய், வாழை இலை, மல்லிகைச் சரம், காபிப்பொடி எல்லாம் ஒரே இடத்தில். மூன்று தலைமுறைத் தமிழர்கள் "மெட்ராஸே வேண்டாம்" என்று உட்கார்ந்துவிட்ட பேட்டை. தாகமெடுத்தால் பக்கத்திலேயே லேக். ஒரு ராட்சதனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஆனாலும் வரவில்லை. அணுகுண்டைப் பார்த்துப் பயந்த நாடுகளெல்லாம் ராட்சதப் படம் எடுத்து அழுது தீர்த்துக்கொண்டன. நாமும் பயந்தவர்கள்தான். ஆனால் நம் பயம் போன வழியே வேறு.

முதலில் 1942. அந்த ஏப்ரலில் ஜப்பான் கப்பல்கள் வங்காள விரிகுடாவுக்குள் வந்துவிட்டன. கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு விழுந்தது. அடுத்தது மெட்ராஸ் என்று நகரமே மூட்டை கட்டியது. அப்போது அதிகாரிகளுக்கு ஒரு பெரும் கவலை வந்தது: மிருகக்காட்சிசாலை மேல் குண்டு விழுந்து, கூண்டு உடைந்து, சிங்கமும் புலியும் தெருவுக்கு வந்துவிட்டால்? மக்கள்தான் ஏற்கெனவே ஊரைக் காலி செய்துகொண்டிருந்தார்களே, அவை யாரைக் கடிக்கும் என்று கேட்க ஆளில்லை. போலீஸை வரவழைத்து ஆபத்தான மிருகங்களைக் கூண்டோடு சுட்டுக் கொன்றார்கள். பின்னாளில் வந்த ராட்சதப் படங்களிலெல்லாம் ராணுவம் மிருகத்தைச் சுடும், குண்டு அதன் மேல் பாயாது. மெட்ராஸில் பாய்ந்தது. நம்முடைய முதல் ராட்சதப் படம் இப்படிக் கேமரா இல்லாமலேயே எடுத்து முடிக்கப்பட்டது.

அதே வருடம் டிசம்பர் 20 இரவு ஜப்பான் விமானங்கள் கல்கத்தா மேல் நிஜமாகவே குண்டு போட்டன. ஹௌரா ஸ்டேஷனை நோக்கி ஊர் ஓடியது. வேலைக்காரர்கள் ஓடினார்கள், எஜமானர்கள் ஓடினார்கள், டல்ஹௌசி ஸ்கொயர் கம்பெனிகளில் சுருக்கெழுத்து எழுதிக்கொண்டிருந்தவர்களும் பென்சிலைக் காதில் செருகியபடி ஓடியிருப்பார்கள். ஓடாதவர்கள் பிள்ளைகள். அவர்கள் ஸரிகமபதநியில் ஆரம்பித்து ஒரு பாட்டுக் கட்டினார்கள். ஜப்பான்காரன் குண்டு போட்டான், குண்டுக்குள்ளே ஒரு நாகப்பாம்பு இருந்தது, அதைப் பார்த்து வெள்ளைக்காரன் "அப்பப்பா" என்று அலறினான் என்பது அதன் சாரம். இன்றும் வங்காளத்துப் பாட்டிகளுக்கு அது மனப்பாடம்.

கவனியுங்கள். குண்டுக்கும் ராட்சத ஜந்துவுக்கும் முடிச்சுப் போடுவதுதான் இந்த வகைப் படங்களின் ஒரே கதை. ஜப்பானியர்களுக்கு அது 1954ல், காட்ஸில்லா படத்தில், தோன்றியது. கல்கத்தாப் பொடிசுகளுக்குப் பன்னிரண்டு வருடம் முன்பே தோன்றிவிட்டது. ராயல்டி கேட்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். இன்னொரு வித்தியாசமும் உண்டு. இந்தக் கதையில் பயப்படுபவன் வெள்ளைக்காரன். பாம்பு நம் ஊர்ப் பாம்பு.

1945 வந்தது. ஆகஸ்டில் ஹிரோஷிமாவும் நாகசாகியும் எரிந்தன. அதே வருடம் பிரேமேந்திர மித்ரா வங்காளப் பிள்ளைகளுக்காக ஒரு கதை எழுதினார். மனித குலத்தையே அழிக்கக்கூடிய ஒரு கொடிய உயிரினத்தை ஒரு ஜப்பானிய விஞ்ஞானி சகாலின் தீவில் உருவாக்குகிறான். அந்த உயிரினம் என்ன? ஐம்பது மீட்டர் பல்லியா? இல்லை. கொசு.

கல்கத்தாக்காரனிடம் உலக அழிவுக்கு ஒரு மிருகத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் வேறு என்ன சொல்வான்? கொசு எப்படி மலேரியாவைக் கடத்துகிறது என்று ரொனால்ட் ராஸ் 1898ல் ஆராய்ச்சியை முடித்ததே அந்த ஊரில்தான். இந்தக் கொசுவை அடித்துக் கொன்று உலகத்தைக் காப்பாற்றியவர் கதையின் நாயகர் கனாதா. வங்காள இலக்கியத்தின் தலைசிறந்த புளுகர். திருவல்லிக்கேணி மேன்ஷன் மாதிரியான ஒரு மெஸ்ஸில் வாடகை தராமல் தங்கி, கூடத் தங்கியிருக்கும் சிசிரிடம் சிகரெட் கடன் வாங்கி, அதற்கு ஆயிரக்கணக்கில் எண்ணிக்கை மட்டும் நேர்மையாக வைத்திருப்பவர். வாழ்நாளில் தாம் கொன்ற கொசு ஒன்றே ஒன்று என்பது அவர் வாக்குமூலம். பிற்காலத்தில் இதே கனாதா தம் முன்னோர்களின் வீரதீரங்களை அவிழ்த்துவிட்டது எங்கே தெரியுமா? நம் லேக் கரையில், மாலை நேரத்து ரிட்டயர்டு ஆசாமிகளின் சபையில். அந்த பெஞ்சுகளில் இன்றும் சபை கூடுகிறது. புளுகின் தரம்தான் இறங்கிவிட்டது.

தமிழ்நாடு இதற்குள் சும்மா இருந்ததா? 1952ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் ஹாலிவுட்காரர்களோடு கூட்டுச் சேர்ந்து ஒரு படம் எடுத்தார். ஆங்கிலத்தில் 'தி ஜங்கிள்', தமிழில் 'காடு'. ராட் கேமரன், சீஸர் ரோமெரோ, மேரி வின்ட்ஸர், கூடவே நம் எம்.என். நம்பியார். காட்டில் யானைகள் மிரண்டு ஊருக்குள் ஓடி வருகின்றன. ஏன் மிரண்டன என்று தேடிப் போனால், அங்கே சடை தொங்கும் ஆதிகால மாமத யானைகள்! அதாவது, நிஜ யானைக்கு மேலே கம்பளி முடியைப் போர்த்தி நிறுத்தியிருந்தார்கள். பனிக்காலம் முடிந்து பல்லாயிரம் வருடமாயிற்று. இந்திய வெயிலில் கம்பளி போர்த்திய யானைக்கு என்ன கோபம் வந்திருக்கும் என்று யோசியுங்கள். திரையில் தெரிந்த ஆவேசத்தில் நடிப்பு கொஞ்சம், புழுக்கம் மிச்சம். காட்ஸில்லாவுக்கு இரண்டு வருடம் முன்பே நம்மிடம் ராட்சத மிருகம் இருந்தது. குண்டு மட்டும்தான் இல்லை.

குண்டு 1954 மார்ச் 1 அன்று வந்தது. பசிபிக் கடலில் பிகினித் தீவுத் திட்டில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்துப் பார்த்தது. 6 மெகாடன் வரும் என்று கணக்குப் போட்டார்கள். 15 வந்தது. எஸ்டிமேட்டை இரண்டரை மடங்கு தாண்டுவது எல்லா நாட்டு அரசாங்க வேலைக்கும் உள்ள குணம். ஆனால் அந்தக் கணக்குப் பிழை வெள்ளைச் சாம்பலாக ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் பெய்தது. படகில் 23 பேர். ரேடியோ ஆபரேட்டர் செப்டம்பரில் இறந்தார். ஜப்பான் முழுக்க மீன் வாங்கவே நடுங்கினார்கள்.

அப்போது டோஹோ ஸ்டூடியோ தயாரிப்பாளர் டோமோயுகி தனாகாவுக்கு வேறு ஒரு தலைவலி. இந்தோனேசியாவில் எடுக்க இருந்த அவர் படத்துக்கு அந்த அரசாங்கம் விசா தரவில்லை. படம் படுத்துவிட்டது. கையைப் பிசைந்துகொண்டு விமானத்தில் திரும்பியவர் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தார். இதற்குள்ளிருந்து ஒன்று எழுந்து வந்தால்? அப்படித்தான் காட்ஸில்லா கருவானது. ஆக, அதைப் பெற்றது ஹைட்ரஜன் குண்டு என்றால், பிரசவம் பார்த்தது இந்தோனேசிய விசா ஆபீஸ். நீங்களும் நானும் விசா மறுக்கப்பட்டு வெளியே வந்தால் ஒரு டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போவோம்.

இயக்குநர் இஷிரோ ஹோண்டா போர் முடிந்து ஊர் திரும்பும்போது ஹிரோஷிமாவைக் கடந்து வந்தவர். அதனால் படத்தில் அழிவு விளையாட்டாக இல்லை. ஆஸ்பத்திரித் தரையில் வரிசையாகக் கிடக்கும் மனிதர்களையும் கெய்கர் கருவி வைத்துச் சோதிக்கப்படும் குழந்தையையும் காட்டினார். மற்ற வேலையெல்லாம் கைவேலை. தோலுறை மாட்டிய கையால் கான்ட்ராபாஸ் வாத்தியத்தின் தந்தியை உருவி, அகிரா இஃபுகுபே அந்தப் பிளிறலை உண்டாக்கினார். கனமான ரப்பர் சட்டைக்குள் ஹருவோ நகாஜிமா நுழைந்து வேர்த்து விறுவிறுக்க நடந்தார். சேலத்து யானை இதைக் கேள்விப்பட்டிருந்தால் ஆறுதல் அடைந்திருக்கும். நவம்பர் 3ல் படம் வந்தது. 1956ல் அமெரிக்கர்கள் அதை வாங்கி, அணுகுண்டுப் பேச்சில் பெரும்பகுதியைக் கத்தரித்து, நடுவில் ஒரு அமெரிக்க நிருபரைச் செருகி வெளியிட்டார்கள். வந்தவன் யார் வீட்டுப் பிள்ளை என்று அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

அந்த 1954ல் காட்ஸில்லா திசை தவறி ராஷ்பிஹாரி அவென்யூவுக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? டோக்கியோவில் அது ரயில் பெட்டியைப் பல்லில் கடித்துத் தூக்கும். அது படத்தின் புகழ்பெற்ற காட்சி. இங்கே டிராமைக் கடிக்க வாயைத் திறந்திருந்தால், ஊர் சிரித்திருக்கும். முந்தின வருடம் ஜூலையில்தான் இரண்டாம் வகுப்பு டிராம் கட்டணத்தை ஒரு பைசா ஏற்றினார்கள் என்பதற்காகக் கல்கத்தாக்காரர்களே டிராம்களைக் கொளுத்தி, போலீஸோடு மோதி, கடைசியில் அந்த ஒரு பைசாவைத் திரும்ப வாங்கியிருந்தார்கள். ஒரு பைசாவுக்கே இவ்வளவு செய்கிற ஊரில் ஐம்பது மீட்டர் பல்லி என்ன புதிதாகச் செய்துவிட முடியும்? ஒன்று, யூனியனில் சேர்ந்திருக்கும். இல்லையென்றால், வந்த நாளில் பந்த் என்று தெரிந்து திரும்பியிருக்கும்.

அரசாங்கத் தரப்பில் நேரு 1954 ஏப்ரலில் மக்களவையில் எழுந்து, அணுகுண்டுச் சோதனைகளை எல்லோரும் நிறுத்திவைக்க வேண்டும் என்று உலகத்துக்குச் சொன்னார். உலக நாடுகளில் அதை முதலில் கேட்டவர் அவர். உலகம் கேட்டுக்கொண்டு, தொடர்ந்து வெடித்தது.

அடுத்து அனுப்பப்பட்டவர்தான் நம் உண்மையான ஆயுதம். ஜப்பான் தன் பயத்தை ரப்பர் சட்டையில் அடைத்து நடக்கவிட்டது. தமிழ்நாடு கதர் வேட்டி கட்டி, கறுப்புக் கண்ணாடி மாட்டி, கையில் தடி கொடுத்து அனுப்பியது. சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி என்ற ராஜாஜி. லேக் மார்க்கெட்டுக்கும் அவர் அந்நியர் இல்லை. 1947 ஆகஸ்ட் 15 முதல் அடுத்த ஜூன் வரை மேற்கு வங்க கவர்னராகக் கல்கத்தாவில் இருந்தவர். நேதாஜியோடு முரண்பட்டவர் என்று வந்த புதிதில் ஊர் முறைத்தது. முறைப்பதில் அவரை யாரும் ஜெயித்ததில்லை. காட்ஸில்லா பிறந்த அதே 1954ல் அவருக்குப் பாரத ரத்னா. சினிமா என்றாலே அவருக்கு ஆகாது, ஆகையால் இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் தொடர்பில்லை.

1962 செப்டம்பரில், 83 வயதில், காந்தி அமைதி நிறுவனத்தின் சார்பில் வாஷிங்டன் போய் கென்னடி முன் உட்கார்ந்தார். அணுகுண்டுச் சோதனையை நிறுத்து. அவ்வளவுதான் விஷயம். ஒதுக்கிய நேரம் முடிந்தும் பேச்சு முடியவில்லை. உலகத்தைப் பலமுறை அழிக்கும் பட்டனை வைத்திருந்தவர், சேலம் வக்கீலின் குறுக்கு விசாரணையில் மாட்டிக்கொண்டார். அடுத்த மாதமே கியூபா நெருக்கடி வந்து உலகம் விளிம்பு வரை போய்த் திரும்பியது. 1963 ஆகஸ்டில் அமெரிக்காவும் ரஷ்யாவும் பிரிட்டனும் ஒப்பந்தம் போட்டன: வானத்தில் வெடிக்கக் கூடாது, விண்வெளியில் கூடாது, தண்ணீருக்கடியில் கூடாது. காட்ஸில்லாவின் தூக்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது அன்றுதான். ராஜாஜியால்தான் ஒப்பந்தம் வந்தது என்று சொன்னால் சரித்திர ஆசிரியர்கள் அடிக்க வருவார்கள். அவர் போகாமல் இருந்திருந்தால் வந்திருக்குமா என்று நாம் திருப்பிக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடலாம்.

அதே 1963ல் தமிழ் சினிமாவுக்கு வேற்றுக்கிரகத்தார் வந்தார்கள். படம் 'கலை அரசி', எம்.ஜி.ஆர்., பானுமதி. அமெரிக்கப் படங்களில் வேற்றுக்கிரகத்தான் பூமியைப் பிடிக்க வருவான், நகரங்களை எரிக்க வருவான். நம் ஆள் எதற்கு வந்தான்? அவன் கிரகத்தில் பாட்டு இல்லையாம். பானுமதியைத் தூக்கிக்கொண்டு போனால் ஊருக்கே சங்கீதம் கற்றுத் தருவார் என்று கடத்துகிறான். அண்ட சராசரத்தையும் கடந்து வந்தது ஒரு பாட்டு டீச்சருக்காக. லேக் மார்க்கெட்டில் இறங்கி விசாரித்திருந்தால், வாரம் இரண்டு நாள், மாதச் சம்பளம், நவராத்திரிக்கு லீவு என்று ஏதாவது ஒரு மாமி ஒப்புக்கொண்டிருப்பார். கடத்த வேண்டிய வேலையே இருந்திருக்காது.

அந்தப் பேட்டையில் விசாரித்திருந்தால் இன்னொருவரும் கிடைத்திருப்பார். 1960களில் லேக் டெம்பிள் ரோட்டில், தோசைக் கடைகளுக்குக் கூப்பிடு தூரத்தில், சத்யஜித் ராய் குடியிருந்தார். 1967ல் அவர் ஹாலிவுட்டுக்காக 'தி ஏலியன்' என்று ஒரு திரைக்கதை எழுதினார். ஒரு வங்காள கிராமத்துக் குளத்துக்குள் விண்கலம் வந்து விழுகிறது. தண்ணீருக்கு மேல் அதன் பொன்னிற முனை மட்டும் தெரிகிறது. அமெரிக்க கிராமமாக இருந்தால் ராணுவம் வரும், டாங்கி வரும். ராயின் கிராமத்தார் பார்த்தார்கள். மூழ்கிய கோயில் ஒன்று எழுந்திருக்கிறது என்று முடிவு கட்டி, பூஜையை ஆரம்பித்துவிட்டார்கள். உள்ளே இருந்த ஆசாமியோ சாது. படம் கடைசி வரை வரவில்லை. கொழும்பிலிருந்து வந்த ஒரு இடைத்தரகர், ராய் எழுதிய திரைக்கதையின் உரிமையில் தம் பெயரையும் சேர்த்துக்கொண்டார் என்பது அதைவிடப் பெரிய ராட்சதக் கதை.

ராய் கண்டுபிடித்ததுதான் விஷயத்தின் வேர். நம் எதிரே பிரம்மாண்டமாக எது வந்து நின்றாலும் நாம் ஓடுவதில்லை. கமிட்டி போடுகிறோம், வசூல் செய்கிறோம், மைக் செட் கட்டுகிறோம். நிரூபணம் வேண்டுமென்றால் 2015. லேக் மார்க்கெட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் தேசப்ரிய பார்க். அங்கே 88 அடி உயர துர்க்கை. காட்ஸில்லா ஐம்பது மீட்டர், அதாவது 164 அடி. துர்க்கை அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. ஊரெல்லாம் விளம்பரம். ராட்சதப் படங்களின் அடிப்படை விதி, பெரிய உருவம் தெரிந்தால் மக்கள் எதிர்த்திசையில் ஓட வேண்டும் என்பது. கல்கத்தா மொத்தமும் உருவத்தை நோக்கி ஓடியது. ராஷ்பிஹாரி அவென்யூ அடைத்துக்கொண்டது. நெரிசல் தாங்காமல் பஞ்சமி இரவே போலீஸ் பந்தலை மூடியது. அந்தக் கூட்டத்துக்கு நடுவே நிஜக் காட்ஸில்லா வந்திருந்தாலும், "தாதா, லைன்ல வாங்க" என்று பின்னால் தள்ளியிருப்பார்கள்.

ஜப்பானில் ராட்சதன் தண்ணீரிலிருந்து எழுவான். வங்காளத்தில் மகிஷாசுரனை ஐந்து நாள் வைத்திருந்து தண்ணீரில் கரைத்துவிடுவார்கள். தமிழன் இன்னும் ஒரு படி மேலே போனான். ஜப்பானில் குண்டு வெடித்ததால் அரக்கன் எழுந்தான். இங்கே அரக்கன் செத்ததைக் கொண்டாடக் குண்டு வெடிக்கிறோம். நரகாசுரன் பெயரைச் சொல்லி, எண்ணெய் தேய்த்துக் குளித்து, பச்சை நூல் இறுகச் சுற்றிய அணுகுண்டை வாசலில் வைத்து, பத்து வயதுப் பையன் ஊதுபத்தியால் பற்றவைக்கிறான். பிகினியில் வெடித்ததற்கும் நம்மிடம் பதில் உண்டு; பட்டாசுக் கடையில் ஹைட்ரோ பாம் கேளுங்கள், எடுத்துத் தருவார்கள். மனித குலம் கண்ட மிகப் பெரிய பயத்தைப் பாக்கெட் போட்டுத் தள்ளுபடியில் விற்றது சிவகாசி.

அதன் வேரும் கல்கத்தாவில்தான் இருக்கிறது. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொள்ளக் கல்கத்தாவுக்குத்தான் போனார்கள். கற்றுக்கொண்டு திரும்பி ஊரில் தொழில் ஆரம்பித்தார்கள். தீப்பெட்டிக்குப் பின்னால் பட்டாசு வந்தது. நூறு வருடமாக அந்தக் கடனை வெடியாகத் திருப்பித் தந்துகொண்டிருக்கிறோம். லேக் மார்க்கெட்டில் தீபாவளி விடியற்காலை நாலரைக்குத் தமிழ் வீட்டு வாசலில் முதல் வெடி கேட்கும். காளி பூஜை இரவுக்கென்று வெடியைப் பத்திரப்படுத்தித் தூங்குகிற பக்கத்து வங்காளிப் பையன் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "மாஷிமா, இவ்வளவு சீக்கிரமா?" என்பான். "எங்க நரகாசுரன் சூரியன் வரதுக்குள்ள செத்தாகணும்டா கண்ணா" என்பார் மாமி. மேற்கு வங்கத்தில் பட்டாசுக்கு 90 டெசிபல்தான் என்று வெகுகாலம் கட்டுப்பாடு இருந்தது. 2023ல் அதை 125 ஆக்கினார்கள். காட்ஸில்லா பிளிறினால் எத்தனை டெசிபல் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இதுவரை அளக்கவில்லை.

கடைசியில் ஜப்பானும் நம் வழிக்கே வந்தது. 1960கள் முடிவதற்குள் காட்ஸில்லா நாட்டைக் காக்கும் நல்லவனாகி, ஒரு பிள்ளைக்கும் தகப்பனாகிவிட்டது. 2015ல் டோக்கியோவின் ஷின்ஜுகு வட்டாரம் அதைத் தன் சிறப்புக் குடிமகனாக்கி, சுற்றுலாத் தூதர் வேலையும் கொடுத்தது. எரித்த ஊரிலேயே ரேஷன் கார்டு. இந்தப் பக்கம் உலகத்தில் இன்னும் சுமார் 12,000 அணு ஆயுதங்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்து யாரும் அலறுவதில்லை.

ராட்சதனைப் பண்டிகையாக்கியது நம் சாமர்த்தியம்தான். அதற்கு ஒரு விலையும் உண்டு: பழகியவன் பல்லைக் காட்டும்போது நமக்குத் தெரிவதில்லை. ஐம்பது மீட்டர் பல்லி இதுவரை ஒரு தமிழனையும் ஒரு வங்காளியையும் கொன்றதில்லை. தகரக் கொட்டகையில் மருந்து இடிக்கும் வேலை வருடா வருடம் கொல்கிறது. சிவகாசியைச் சுற்றி அது நிற்காத செய்தி. 2023 மே மாதம் மேற்கு வங்கத்தின் எக்ராவில் சட்டவிரோதப் பட்டாசுக் கூடம் ஒன்று வெடித்தது. மூன்று மாதத்தில் தத்தபுகூரில் இன்னொன்று. இறந்தவர்கள் கூலிக்குப் போனவர்கள். அவர்களைப் பற்றி யாரும் படம் எடுப்பதில்லை.

அதனால், அடுத்த தீபாவளிக்கு அணுகுண்டு வாங்கப் போகும்போது விலையை மட்டும் பேரம் பேசாமல் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். செய்த இடத்தின் பெயரும் உரிம எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் வைத்துவிட்டு வாருங்கள். நரகாசுரன் ஒரு வருடம் சத்தமில்லாமல் செத்தால் ஒன்றும் குறைந்துவிடாது.